எஜமான் ரொம்ப நல்லவர்

டி.வி. பேட்டிகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். பாடகியோ, டாக்டரோ, துணிக்கடை நடத்துபவரோ, பேட்டி முடிவதற்குள் சொல்லிவிடுவார்: ‘‘எங்க வீட்டுல அவர் எனக்கு முழு சுதந்திரம் கொடுத்திருக்கார்.’’ பக்கத்து ஸோபாவில் இருக்கும் ‘அவர்’ அடக்கமாகச் சிரிப்பார். பேட்டி எடுக்கும் பெண் ‘‘வாவ்!’’ என்பார். அப்புறம் பிடித்த கலர், பிடித்த சமையல் என்று போய்விடும்.

எனக்கு மட்டும் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். கொடுத்திருக்கார் என்றால், இத்தனை நாள் அது யாரிடம் இருந்தது? கொடுத்தவர் நாளைக்கே ‘போதும், திருப்பிக் கொடு’ என்று கேட்கலாமா? ‘சேச்சே, கேட்கவே மாட்டார், ரொம்ப நல்லவர்’ என்பீர்கள். இருக்கட்டும். அவருடைய நல்ல குணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது வேறு. ஒருத்தர் நல்லவராக இருக்கிற காரணத்தால் மட்டுமே நம்மிடம் இருக்கிற ஒன்றுக்கு, சுதந்திரம் என்று பெயர் வைக்கலாமா?

ஒரு வீட்டுக்குள் குழப்பம் கிளப்பும் கேள்வி மாதிரி இருந்தாலும், அரசியல் சிந்தனையில் இரண்டாயிரம் வருஷமாக நடக்கிற சண்டை இதுதான். பேராசிரியர்கள் கனமான புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் லேசாகவே பார்க்கலாம்.

ஐஸையா பெர்லின் என்று ஒருவர். 1909-ல் ரிகாவில் பிறந்தவர். ஏழு வயதுப் பையனாக பெத்ரோகிராடில் இருந்தபோது, ரஷ்யப் புரட்சியில் ஒரு போலீஸ்காரரைக் கும்பல் தரதரவென்று இழுத்துப்போவதைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரைக் கடைசி வரை விடவில்லை. குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து, பையன் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகி, 1958 அக்டோபரில் ஒரு சொற்பொழிவு செய்தார். சுதந்திரம் பற்றி இன்றைக்கு யார் எழுத ஆரம்பித்தாலும் அந்தச் சொற்பொழிவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

பெர்லின் சொன்னதன் சாரம் எளிமையானது. நான் போகிற வழியில் யாரும் குறுக்கே நிற்காமல் இருந்தால் நான் சுதந்திரமானவன். கதவுகள் எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், அதுதான் அளவு. இதை லிபரல் சுதந்திரம் என்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு. என்னை நானே ஆள்வது, அதாவது எனக்கு யார் எஜமான் என்பதை நானே முடிவு செய்வது. இரண்டாவது வகையைப் பார்த்து பெர்லின் பயந்தார். ‘உன் நன்மைக்காகத்தான் உன்னைக் கட்டிப்போடுகிறோம், இதுதான் உன் நிஜமான சுதந்திரம்’ என்று சொல்கிற சர்வாதிகாரிகள் அந்த வாசல் வழியாகத்தான் நுழைவார்கள் என்று கண்டுகொண்டார். ஸ்டாலின் செத்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பயம் நியாயமானது.

ஆனால், அவரே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொண்டார். ஆளை ஆள் தடுக்காமல் இருப்பதுதான் சுதந்திரம் என்றால், தடுக்காத ஒரு ராஜாவின் கீழேயும் அது இருக்கலாம். ஓட்டே போடாத நாட்டில், சாதுவான ஒரு சக்கரவர்த்தியிடம், நீங்கள் முழு சுதந்திரத்தோடு வாழ முடியும். கதவுகள் திறந்திருக்கின்றன அல்லவா? சாவி யாரிடம் இருந்தால் என்ன?

சாவி யாரிடம் என்பதுதான் விஷயமே என்று கத்தியவர் ரூஸோ. 1762-ல் வந்த அவருடைய ‘சமூக ஒப்பந்தம்’ நூலில் இங்கிலாந்துக்காரர்களைக் கிண்டல் செய்கிறார். தாங்கள் ரொம்ப சுதந்திரமானவர்கள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. பார்லிமெண்ட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கு மட்டும்தான் அவர்கள் சுதந்திரமானவர்கள், மறுநாளே பழையபடி அடிமைகள் என்கிறார். எனக்கான சட்டத்தை நானும் சேர்ந்து போட்டிருந்தால்தான் அதற்குக் கீழ்ப்படிவது சுதந்திரம். இது ஜனநாயகக் கட்சி. (அமெரிக்காவில் யானை, கழுதை சின்னத்தில் நிற்கிறார்களே, அந்தக் கட்சிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே கட்சி என்பது பட்டிமன்றக் கட்சி.)

இந்த இருவர் சண்டையில் ரொம்ப நாள் காணாமல் போயிருந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவரைப் பார்க்க பாஸ்டன் துறைமுகத்துக்குப் போகவேண்டும்.

1773 டிசம்பர் 16 ராத்திரி, செவ்விந்தியர் வேஷம் போட்ட ஒரு கூட்டம் அங்கே நின்ற கப்பல்களில் ஏறி 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பள்ளியில் சொல்லாமல் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் வந்த தேயிலைச் சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை ஏறவில்லை. குறைந்தது! கிழக்கிந்தியக் கம்பெனிக்கு (ஆமாம், நம்முடைய அதே கம்பெனிதான், 1770 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது) லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை மலைபோலத் தேங்கியிருந்தது. அதை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதி கொடுத்து, இங்கிலாந்தில் கட்டிய வரியையும் தள்ளுபடி செய்தார்கள். அமெரிக்கர்கள் கட்ட வேண்டியிருந்தது பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும். கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்த டச்சுத் தேயிலையோடு போட்டி போடும் அளவுக்கு மலிவு.

மலிவாக டீ கொடுத்தால் ஏன் கடலில் கொட்டுகிறார்கள்? கள்ளக்கடத்தல் வியாபாரிகளின் வயிற்றெரிச்சல் என்பது ஒரு பதில். அது பொய்யில்லை. ஆனால், அது மட்டும் போதாது. அதற்கு ஏழு வருஷம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1765-ல் முத்திரை வரி போட்டார்கள். அமெரிக்காவில் பெரிய ரகளை ஆனது. 1766 மார்ச் 18-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். அதே நாளில் இன்னொரு சட்டத்தையும் சத்தமில்லாமல் நிறைவேற்றினார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களைப் பொறுத்தவரை எந்த விஷயத்திலும், எப்படிப்பட்ட சட்டமும் போடுகிற முழு அதிகாரம் பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டுக்கு உண்டு என்று அறிவிக்கும் சட்டம். வேறு ஒன்றும் அதில் இல்லை. ஒரு பைசா வரி இல்லை. ‘இப்போது அடிக்கவில்லை, ஆனால், அடிக்க எனக்கு உரிமை உண்டு, ஞாபகம் இருக்கட்டும்’ என்று பிரம்பைச் சுவரில் மாட்டி வைத்தார்கள், அவ்வளவுதான்.

மூன்று பென்ஸ் கொடுத்து டீ குடித்தால் அந்தப் பிரம்பை ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால்தான் விலை குறைந்தபோது கோபம் ஏறியது. லிபரல் கணக்கில் பார்த்தால் அவர்கள் செய்தது பைத்தியக்காரத்தனம். கதவுகள் எல்லாம் திறந்துதானே இருந்தன? அவர்கள் கணக்கு வேறு. என்னை ஒருவன் தடுக்கிறானா என்பதல்ல கேள்வி. நினைத்தால் தடுக்கிற இடத்தில், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில், அவன் இருக்கிறானா என்பதே கேள்வி. இருந்தால் நான் அடிமை. அவன் தங்கமான மனுஷனாக இருந்தாலும் அடிமைதான். இதைத்தான் குடியரசுச் சுதந்திரம் என்கிறார்கள், ரிபப்ளிகன். இது ரோமானியர்களின் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறந்துபோனதைத் தூசி தட்டி எடுத்தவர்களில் முக்கியமானவர்கள் க்வென்டின் ஸ்கின்னரும் அயர்லாந்துக்காரரான ஃபிலிப் பெட்டிட்டும். 1990-களின் கடைசியில் இவர்கள் எழுதிய புத்தகங்கள், 2004-ல் ஸ்பெயினில் பிரதமரான ஸபாத்தேரோ மேஜை வரைக்கும் போயின.

ரோம் என்றதும் கேட்டோ ஞாபகம் வருகிறார். ஜூலியஸ் சீஸர் உள்நாட்டுப் போரில் ஜெயித்துக்கொண்டே வந்தபோது, எதிரணியில் இருந்த கேட்டோ வட ஆப்பிரிக்காவில் உட்டிகா என்ற ஊரில் சிக்கிக்கொண்டார். கி.மு. 46. சீஸர் பழி வாங்குகிறவர் இல்லை. தோற்றவர்களை வரிசையாக மன்னித்துக்கொண்டு வந்தார். அவருடைய கருணை ஊர் அறிந்தது. கேட்டோ கேட்டிருந்தால் மன்னிப்பு நிச்சயம். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மன்னிக்கிற உரிமை இந்த மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஆன்மாவைப் பற்றி பிளேட்டோ எழுதியதைப் படித்துவிட்டு, வாளை எடுத்துக் குத்திக்கொண்டு செத்துப்போனார். சீஸருடைய கருணைக்குப் பலியானவர் என்று சொல்லலாம். இவரைப் பற்றி அடிசன் எழுதிய நாடகத்தை 1778-ல் வாலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் சிப்பாய்கள் மேடையேற்றினார்கள். குளிர்காலம் முழுக்கப் பட்டினியும் வியாதியுமாகக் கழித்தவர்களுக்கு, தற்கொலையில் முடியும் நாடகத்தில் என்ன ஆறுதலோ!

கேட்டோவைக் கோயில் கட்டிக் கும்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். அதே ராத்திரி, வாளை எடுத்து வரத் தாமதித்ததற்காக ஓர் அடிமையின் முகத்தில் அவர் ஓங்கிக் குத்தியதில், அவர் கையே வீங்கிப்போனது என்று புளூடார்க் எழுதுகிறார். யாருடைய தயவிலும் வாழ மாட்டேன் என்று சாகிறவருக்கு, தன் தயவில் வாழ்கிற மனிதன் கண்ணுக்குத் தெரியவில்லை. வாஷிங்டனிடமும் அடிமைகள் இருந்தார்கள். ரிபப்ளிகன்களின் பழைய வியாதி இது. எஜமான் கூடாது என்று அவர்கள் முழங்கியதெல்லாம் தங்களுக்கு மட்டும்.

சரி, எஜமான் நல்லவராக இருக்கும்போது அப்படி என்னதான் கெட்டுப்போகிறது? இதற்கு பதில் தெரிய ரோமுக்கெல்லாம் போக வேண்டாம். ஏதாவது ஓர் அலுவலகத்தில், பெரியவர் அறைக்கு வெளியே நிற்கும் பியூனிடம் ஃபைலோடு வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ‘‘ஐயா மூடு எப்படி?’’ இந்த மூன்று வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. ஐயா யாரையும் திட்டியதில்லை, நல்லவர். ஆனாலும், கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. முகம் பார்த்துப் பேசுவது, சிரித்தால் சிரிப்பது, சொல்ல வந்ததில் பாதியை முழுங்குவது, அவர் பெண் கல்யாணத்தில் பந்தி விசாரிப்பது... ஒருத்தரும் தடுக்காமலேயே ஆள் குறுகிப்போகிறான். கதவை எண்ணுகிற கணக்கில் இந்தக் குறுகல் வரவே வராது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்த மூன்று சுதந்திரங்களுக்கும் ஒரே சமயத்தில் பரீட்சை வைத்த மாதிரி ஒரு காலம் நமக்கு வாய்த்தது. 1975 ஜூன் 25 ராத்திரி குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். மந்திரிசபையிடம் மறுநாள் காலையில்தான் சொன்னார்கள். 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணை இல்லாமல் உள்ளே போனார்கள்.

அந்தக் காலத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் பேசினால் பாதிப் பேர் சொல்வது: ‘‘ரயிலெல்லாம் டயத்துக்கு வந்தது சார். ஆபீஸ்ல எல்லாரும் பத்து மணிக்கு சீட்டுல இருந்தாங்க.’’ அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கதவை யாரும் மூடவில்லை. காலையில் காபி, சாயந்திரம் கோயில், ஞாயிற்றுக்கிழமை சினிமா. அவர்கள் அளவில் எந்தக் குறுக்கீடும் இல்லை. மூடப்பட்டதெல்லாம் வேறு யாருடையவோ கதவு.

ஜனநாயகக் கட்சிக்காரரும் நிம்மதியாக இருக்க முடியாது. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தது ராணுவம் அல்ல. 1971-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு 352 இடங்கள் கொடுத்த கட்சி. (நெருக்கடி நிலைக்கான அரசியல் சட்டப் பிரிவின் எண்ணும் 352. ஜோசியர்கள் கவனிக்கலாம்.) பார்லிமெண்ட் அதற்கு ஒப்புதல் கொடுத்தது, அரசியல் சட்டத்தைத் திருத்தித் திருத்திக் கொடுத்தது, தன் ஆயுளையும் நீட்டிக்கொண்டது. நம் பிரதிநிதிகள்தான், நம் பேரில்தான்.

கைதானவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒன்பது ஹைகோர்ட்டுகள், வழக்கைக் கேட்கலாம் என்றன. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஒரு மனிதனின் உயிரையே எடுத்தாலும் கேட்க வழியில்லையா என்று நீதிபதி ஹெச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை வழியில்லை என்று அட்டர்னி ஜெனரல் நிரேன் டே ஒப்புக்கொண்டார். 1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு வந்தது. ஐந்தில் நான்கு நீதிபதிகள் அரசு பக்கம். நான்கில் ஒருவரான எம்.ஹெச். பேக் தன் தீர்ப்பில் ஒரு கருத்தும் சேர்த்துக்கொண்டார். காவலில் இருப்பவர்களுக்கு நல்ல இருப்பிடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு கிடைக்கிறது. அரசு அவர்கள்மீது காட்டும் அக்கறை கிட்டத்தட்டத் தாயின் அக்கறை போன்றது என்று!

அந்தத் தாயின் அக்கறை சென்னை மத்திய சிறையில் எப்படி இருந்தது என்பதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்து, மிசா கைதிகள் அடிக்கப்பட்டதைப் பதிவு செய்தது. அங்கே இருந்தவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார்.

ஆனால், ஒரு பேச்சுக்கு, நீதிபதி பேக் சொன்னது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். வேளாவேளைக்குச் சோறு, ஒருத்தர்மேலும் அடி விழவில்லை, ஜெயிலர் தாயாகவே இருந்தார். அப்போது மட்டும் தீர்ப்பு சரியாகிவிடுமா? ஆகாது என்று உங்களுக்குத் தோன்றினால், கேட்டோவின் கட்சியில் உங்களுக்கும் ஒரு சீட் இருக்கிறது. தனியாக எதிர்த்து எழுதிய நீதிபதி கன்னாவுக்கு அதற்கான விலை அடுத்த ஜனவரியில் தெரிந்தது. அவரைத் தாண்டி, அவருக்கு ஜூனியரான பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்துவிட்டார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளை வைத்துச் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆனது. நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட்தான் அதை எழுதினார்.

நெருக்கடியை முடித்தது எது? ஓட்டு. 1977 மார்ச்சில் வடக்கே துடைத்துப் போட்டுவிட்டார்கள். ஜனநாயகக் கட்சிக்கு மார்க் கொடுக்கத்தான் வேண்டும். (தமிழ்நாட்டில் நாம் 39-ல் 34 இடங்களை அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிக்கே கொடுத்தோம் என்பது தனிக் கதை.) ஆனால், ஓட்டுப் போட்டதோடு விட்டிருந்தால், அடுத்து வருகிறவர் நல்லவரா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் 1978-ல் 44-வது திருத்தம் கொண்டுவந்தார்கள். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற கொழகொழ வார்த்தையை எடுத்துவிட்டு ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று போட்டார்கள். மந்திரிசபை எழுத்தில் கேட்காமல் பிரகடனம் கூடாது. உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. எஜமானை மாற்றுவது வேறு, எஜமான் என்ற நாற்காலியின் காலை வெட்டுவது வேறு. 44-வது திருத்தம் இரண்டாவது ரகம். நாம் ஆகஸ்ட் 15-ஐ ஒரு தினமாகவும் ஜனவரி 26-ஐ இன்னொரு தினமாகவும் கொண்டாடி இரண்டுக்கும் மிட்டாய் சாப்பிடுகிறோமே, அந்த இரண்டாவது தினத்துக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தார். 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் நம் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்று ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைத்து எச்சரித்தார். மதத்தில் பக்தி மோட்சத்துக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்குத்தான் வழி என்றார். கேட்டோ பார்க்கத் தவறிய அடிமையின் இடத்திலிருந்து பார்த்தவர் அவர்.

தமிழில் ஒரு பழைய வழக்கு உண்டு. மிராசு நாட்களில், களத்தில் நெல் அடித்து அளந்ததும், வழக்கப்படி இன்னாருக்கு இவ்வளவு என்று சேர வேண்டிய பங்குக்கும் ‘சுதந்திரம்’ என்றுதான் பெயர். அந்தக் கிராமத்தை நான் புகழவில்லை. ஜாதிக்கு ஓர் அளவு என்று பிரித்துவைத்த ஏற்பாடு அது. ஆனால், வார்த்தையைக் கவனியுங்கள். இனாமுக்கு அந்தப் பெயர் இல்லை. கேட்டு வாங்குகிற பங்குக்குத்தான்.

ரிபப்ளிகன்களிடமும் எனக்கு ஒரு பயம் உண்டு. கணவன், முதலாளி, வீட்டுக்காரர் என்று எல்லா எஜமானர்களுக்கும் கடிவாளம் போட வேண்டுமென்றால் அரசாங்கத்தின் கையில்தான் கடிவாளத்தைக் கொடுக்க வேண்டும். அரசாங்கம்தான் இருப்பதிலேயே பெரிய எஜமான். சிறுவன் பெர்லின் பார்த்த அந்தக் கும்பலும் எஜமானை ஒழிக்கத்தான் கிளம்பியது.

உதாரணத்துக்கு, நம் குண்டர் சட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், குண்டர் என்று ஆரம்பித்த பட்டியலில் 2004-ல் திருட்டு வி.சி.டி. போடுபவர் சேர்ந்தார், அப்புறம் மணல் கடத்துபவர், 2014-ல் சைபர் குற்றவாளி. யார் ஆட்சிக்கு வந்தாலும் பட்டியல் நீள்கிறதே தவிர, குறைவதில்லை. குற்றம் நிரூபணம் ஆக வேண்டியதில்லை. ‘இந்த ஆளை வெளியே விட்டால் பொது அமைதி கெடும்’ என்று கலெக்டருக்கோ போலீஸ் கமிஷனருக்கோ திருப்தி ஏற்பட்டால் போதும். சட்டத்தில் இருக்கிற வார்த்தையே அதுதான், திருப்தி. பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். பேப்பரில் ‘குண்டாஸ் பாய்ந்தது’ என்று படிக்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நம்மேல் பாயவில்லை. கலெக்டரும் நல்லவர்.

அப்படி உள்ளே போனவர் விஷயம் ஓர் அறிவுரைக் குழுமத்தின் முன் வரும். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குக் கிடையாது. அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே அதைத் தடுக்கிறது. பாவம், தனியாக என்ன பேசுவார் என்று 1981-ல் சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் இரங்கி வந்தது. அவர் ஒரு நண்பரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். நண்பர் வக்கீலாக மட்டும் இருக்கக் கூடாது.